இரவு 3 மணிக்கு ஓடும் கணக்கு

கேள்வி இதுதான்: "சொந்தமாகத் தொழில் நடத்துகிறேன். வர வேண்டிய பணம் வருவதில்லை, சம்பளத் தேதி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. இரவு 3 மணிக்கு முழிப்புத் தட்டினால் அப்புறம் தூக்கமில்லை. தியானம் செய்யச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் பாக்கி வைத்தவர்கள்தான் வரிசையாக வந்து நிற்கிறார்கள். இதிலிருந்து எப்படி மீள்வது?"

தியானத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த நிலையில் இருப்பவருக்கு அதை முதல் மருந்தாகக் கொடுப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. முதலில் ஒழுகும் இடத்தைப் பார்ப்போம். உடம்பைக் கவனிப்பதற்கு அடுத்து வருகிறேன். இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம்.

தொழில் நடத்துபவரை அரிப்பது பெரும்பாலும் நஷ்டம் அல்ல, நிச்சயமின்மை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கல். அதன் அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஷாக் கிடைக்கும். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த படபடப்பைவிட, இருக்குமா இருக்காதா என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் படபடப்பு உச்சத்தில் இருந்தது. அந்தப் பார்ட்டி பணம் போடுவாரா மாட்டாரா, செக் பாஸாகுமா ஆகாதா, இந்த மாதம் தாண்டுமா தாண்டாதா என்று நீங்கள் புரட்டுவது அதே கல்லைத்தான். பதில் கெட்டதாக இருந்தாலும், அது தெரிந்துவிட்டால் மனசு வேலை செய்யத் தொடங்கும்.

அதனால் முதல் வேலை 13 வாரப் பண ஓட்ட அட்டவணை. மூன்று மாதத்தை வாரவாரமாகப் பிரித்துப் போடுவது. மாதக் கணக்கு இதற்கு உதவாது. மாதக் கடைசியில் பணம் வந்துவிடும் என்று மாதக் கணக்கு சொல்லும், 12-ஆம் தேதி கல்லா காலியாக இருக்கும் என்பதைச் சொல்லாது. லாப நஷ்டக் கணக்கும் உதவாது. பில் போட்டதுமே அதில் லாபம் ஏறிவிடும், பணம் கைக்கு வர இன்னும் 70 நாள் ஆகலாம்.

ஒரு எக்செல் ஷீட் போதும், நோட்டுப் புத்தகம் இருந்தாலும் சரி. மேலே 13 வாரங்கள். இடது பக்கம் தொடக்கக் கையிருப்பு, வரவு ஒவ்வொன்றும் பெயரோடு, செலவு ஒவ்வொன்றும் பெயரோடு, கடைசியில் வார இறுதி இருப்பு. உதாரணத்துக்கு வெறும் எண்ணாக எடுத்துக்கொள்வோம். கையிருப்பு 40. முதல் வாரம் வரவு 25, செலவு 30, இருப்பு 35. இரண்டாம் வாரம் வரவு 10, செலவு 35, இருப்பு 10. மூன்றாம் வாரம் வரவு 20, செலவு 38. இருப்பு மைனஸ் 8. நான்காம் வாரம் வரவு 45, செலவு 20; இருப்பு 17.

இப்போது பாருங்கள். "எல்லாம் போச்சு" என்று இரவில் தோன்றியது, காகிதத்தில் "மூன்றாம் வாரத்தில் 8 குறைகிறது" என்று ஆகிவிட்டது. மூன்றாம் வாரச் செலவில் 12-ஐ ஒரு சப்ளையரிடம் பேசி நான்காம் வாரத்துக்குத் தள்ளினால், மூன்றாம் வார இருப்பு 4, நான்காம் வார இருப்பு அதே 17. ஒரு போன் காலில் தீரும் விஷயத்துக்காகத்தான் இத்தனை நாள் தூக்கம் போயிருக்கிறது. எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. சிலருக்குப் பதின்மூன்று வாரமும் மைனஸில் போகும். அதுவும் தெரிய வேண்டிய செய்திதான். அது பணம் சுழல்வதில் வரும் தற்காலிகப் பிரச்சினை அல்ல, தொழில் அமைப்பிலேயே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். விலை, ஆள் எண்ணிக்கை, எந்த வேலையை எடுப்பது என்பதில்தான் கை வைக்க வேண்டும். இன்னொரு கடன் அதை ஆற்றாது.

இந்த அட்டவணை பொய் சொல்வது நான்கு இடங்களில். வரவைப் பில்லில் எழுதிய கெடு தேதியில் போடுவது முதல் தவறு. அந்த வாடிக்கையாளர் கடைசி ஆறு பில்லுக்கு உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து, அந்தச் சராசரியைப் போடுங்கள். 30 நாள் கெடுவுக்கு 52 நாளில் கொடுப்பவர் இந்தத் தடவையும் 52 நாளில்தான் கொடுப்பார். இரண்டாவது, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை மறப்பது: இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் புதுப்பிப்பு, போனஸ், காலாண்டு வரி. போன வருட பேங்க் ஸ்டேட்மென்டை ஒருமுறை முழுக்கப் புரட்டினால் எல்லாம் அகப்படும். மூன்றாவது, "பேசிக்கொண்டிருக்கிறோம், வந்துவிடும்" என்கிற ஆர்டரை வரவில் சேர்ப்பது. கையெழுத்தாகாததைத் தனி வரியில் போடுங்கள், கூட்டலில் சேர்க்காதீர்கள். நான்காவதுதான் பெரும்பாலானவர்களைக் கவிழ்ப்பது: ஒருமுறை போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவது. வாரம் ஒரு நாள், அதே நேரம், அரை மணி நேரம் ஒதுக்கி, போட்ட எண்ணையும் நடந்த எண்ணையும் ஒப்பிட்டு, ஒரு புது வாரத்தைக் கடைசியில் சேருங்கள்.

உட்கார்ந்து போட மனசு வராது என்பது தெரியும். பேங்கிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது, குறிப்பிட்ட ஒருவரின் போனை மட்டும் எடுக்காமல் விடுவது, கணக்காளர் கேட்டதை நாளைக்கு என்பது, இதெல்லாம் சோம்பேறித்தனம் அல்ல, பயம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்த கதை. தனியாக முடியவில்லை என்றால் கணக்காளரையோ நம்பிக்கையான ஒருவரையோ பக்கத்தில் உட்கார வைத்துப் பிரியுங்கள். பிரிப்பதும் வகைப்படுத்துவதும் மட்டும்தான் அன்றைய வேலை. பதில் எழுதுவது மறுநாள்.

அட்டவணை வந்ததும் பேச வேண்டியவர்களிடம் கெடுவுக்கு முன்னாலேயே பேசுங்கள். கெடு தாண்டியபின் பேசினால் அது சாக்கு, முன்னால் பேசினால் ஏற்பாடு. பேசும்போது தேதியும் தொகையும் இருக்க வேண்டும். "கொஞ்சம் டைம் கொடுங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கும் நிச்சயமின்மை தொற்றிக்கொள்ளும், தினம் போன் செய்வார். "20-ஆம் தேதி பாதி, அடுத்த மாதம் 5-ஆம் தேதி மீதி" என்றால் அதுவரை விடுவார். சொன்ன தேதியில் போட முடியாத தொகையைச் சொல்லவே சொல்லாதீர்கள். வசூலிலும் இதே கதைதான். 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டியவை என்று பாக்கியைப் பிரித்து, பழையதையும் பெரியதையும் முதலில் கூப்பிடுங்கள். பழக்கமான வாடிக்கையாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். கூச்சப்படுவதற்கு வட்டி கட்டுவது நீங்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி, வாடிக்கையாளரிடம் வாங்கிய விற்பனை வரி இரண்டும் உங்கள் கணக்கில் கிடந்தாலும் உங்கள் பணம் இல்லை. நெருக்கடியில் முதலில் கை போவது அதில்தான், பின்னால் அபராதமும் வட்டியுமாக அதிகம் கடிப்பதும் அதுதான். தனிக் கணக்குக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

பண நெருக்கடி புத்தியையும் குறுக்கும். 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும், அறுவடை முடிந்து பணம் வந்தபிறகும் சோதித்தது. அதே ஆட்கள்தான். கை வறண்டிருந்த காலத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் தெளிவாகவே பின்தங்கினார்கள். மனசின் பெரும்பகுதி பணத்தில் மாட்டிக்கொண்டால் மற்றதற்கு மிச்சம் கொஞ்சம்தான். அதனால் நெருக்கடி நாட்களில் உங்கள் முடிவெடுக்கும் திறனையே நீங்கள் நம்பக் கூடாத சில விஷயங்கள் உண்டு: புதுக் கடனில் கையெழுத்துப் போடுவது, சொந்த ஜாமீன் கொடுப்பது, விலையைத் தடாலடியாகக் குறைப்பது, ஆளை வேலையைவிட்டு அனுப்புவது, கோபமாகப் பதில் எழுதுவது. இவற்றுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு மேல் கிடையாது, ஒரு இரவு தூங்கி எழாமல் கிடையாது, லாபத்தில் பங்கில்லாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் கிடையாது. கடன் கொடுக்க வந்தவர் "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்றால் அதற்குப் பதில் "வேண்டாம்" என்பதுதான்.

இனி 3 மணிக்கு வருவோம்.

அந்த நேரத்தில் முழிப்பு வருவதில் விசித்திரம் ஒன்றுமில்லை. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஆழ்ந்த தூக்கம் முதல் பாதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும், பின்பாதி லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும்தான். விடியலை நோக்கி கார்ட்டிசால் ஹார்மோனும் ஏறத் தொடங்குகிறது. எல்லாரும் இரவில் சில தடவை லேசாக விழிக்கிறார்கள், புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த இடைவெளியில் கணக்கு உள்ளே நுழைந்துவிடுகிறது. செய்ய வேண்டியது முழிப்பைத் தடுப்பது அல்ல, கணக்கு நுழையும் வாசலை அடைப்பது.

அதற்கான வேலை படுக்கும்முன்பே நடக்க வேண்டும். படுக்க ஒரு மணி நேரம் இருக்கையில், ஐந்தே நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாளைய வேலைகளைப் படுக்கும்முன் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். எழுதியது எவ்வளவு துல்லியமோ அவ்வளவு சீக்கிரம். ஆக "வசூல்" என்று எழுதினால் பயனில்லை. "காலை 10:30-க்கு இன்னாரைக் கூப்பிட்டு, இந்த இரண்டு பில்லுக்குத் தேதி கேட்க வேண்டும்" என்று எழுதினால்தான் மனசு அதை இறக்கி வைக்கும். எதை, எப்போது, முதல் அசைவு என்ன என்ற மூன்றும் இருக்கட்டும்.

அப்படியும் விழித்துவிட்டால் மணி பார்க்காதீர்கள். மணி பார்த்தால் "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்று இன்னொரு கணக்கு ஆரம்பமாகும். போனைத் தொடாதீர்கள். ஏறக்குறைய 20 நிமிடம் புரண்டாகிவிட்டது என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது செய்யுங்கள், கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். படுக்கை கவலைப்படும் இடம் என்று உடம்பு கற்றுக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. மறுநாள் வழக்கமான நேரத்துக்கே எழுங்கள். ஈடுகட்டுகிறேன் என்று 9 மணி வரை படுத்தால் அடுத்த இரவும் கெடும். முதல் ஒன்றிரண்டு வாரம் களைப்பாக இருக்கும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், அதைத் தாண்டினால் பிடிபடும்.

"எனக்கு 6 மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்பவர்களுக்கு 2003-இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 14 நாள் தொடர்ந்து தினம் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவுகள் வரை சுத்தமாகத் தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தது. பயமுறுத்துவது அது அல்ல. தாங்கள் சரிந்திருப்பதே அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பழகிவிட்டது என்று தோன்றுவதே அறிகுறி. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும்.

காபி கணக்கையும் போட்டுவிடலாம். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும், கால் பங்கு இரவு 2 மணிக்கும் உள்ளே இருக்கும். மதியத்தோடு நிறுத்துவது நல்லது. மொத்தத்தில் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் ஆரோக்கியமான பெரியவருக்கு வரம்பு, சுமார் நான்கு கப். திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கப் வீதம் குறையுங்கள். மதுவைத் தூக்க மருந்தாகப் பயன்படுத்துவது இன்னும் மோசம். சீக்கிரம் சாய்த்துவிடும், ஆனால் இரவின் பின்பாதியைக் கிழித்துப் போடும். உங்கள் 3 மணி முழிப்புக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

பகலில் படபடப்பு ஏறும்போது மூச்சு உதவும். 4 வினாடி மூக்கால் இழுத்து, 6 வினாடி மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆழமாக இழுப்பது. கரியமில வாயு அதிகம் வெளியேறி, தலை கிறுகிறுத்து, விரல் நுனி மரத்து, பயம் கூடிவிடும். மென்மையாக இழுத்தால் போதும். கஷ்டமான போன் காலுக்கு முன்னால் செய்யுங்கள், பின்னால் செய்வதைவிடப் பலன் அதிகம்.

உடற்பயிற்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு. ஜிம்முக்கு நேரமில்லாதவர், எழுத வேண்டியில்லாத போன் கால்களை நடந்துகொண்டே பேசினால் பாதி முடிந்துவிடும்.

அடுத்தது, எல்லாமே உங்களிடம் வந்து நிற்பது. ஒரு வாரம், உங்களிடம் வந்து கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் பார்த்தால், பெரும்பாலும் நான்கைந்து வகைக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்: தள்ளுபடி கொடுக்கலாமா, திருப்பி எடுக்கலாமா, இதை வாங்கலாமா, லீவு கொடுக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு வரம்பு, வரம்பு தாண்டினால் மட்டும் நீங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கெடுவது எங்கே என்றால், அவர் எடுத்த முதல் முடிவையே நாலு பேர் முன்னால் நீங்கள் மாற்றும்போது. அன்றோடு சரி, எல்லாக் கேள்வியும் மறுபடி உங்கள் மேஜைக்கே வரும். வரம்புக்குள் அவர் செய்த தவறுக்கான செலவை, பயிற்சிச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறைப்பதும் ஒரு முழுநேர வேலை. கணவரிடமோ மனைவியிடமோ எல்லாப் பில்லையும் காட்ட வேண்டியதில்லை, ஆனால் அட்டவணையின் கடைசி வரியைக் காட்டலாம். வாரத்தில் ஒரு அரை மணி நேரம் அதற்கென்று வைத்துக்கொண்டால், மற்ற நாட்களில் சாப்பிடும்போது அந்தப் பேச்சு வராது. தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். உங்களுக்கும் சின்னதாகவாவது ஒரு மாதச் சம்பளம் எடுங்கள். கல்லாவிலிருந்து தேவைப்பட்டபோது எடுப்பவருக்கு வீடு தாங்குமா என்பதும் தெரியாது, தொழில் தாங்குமா என்பதும் தெரியாது.

டாக்டரிடம் போக வேண்டிய எல்லை எது? நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "டென்ஷன்தான்" என்று உட்காராமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். பிரஷர் பார்க்கும்போது அரை மணி நேரம் காபி, புகை இல்லாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். சண்டை போட்டுவிட்டு வந்து பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல நாள் தொடர்ந்து 140/90-ஐத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். தூக்கமின்மை வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இருந்தால் அது தனிச் சிகிச்சை தேவைப்படும் நோய். மாத்திரைக்கு முன்னால் பேச்சும் பழக்க மாற்றமும் கொண்ட சிகிச்சையைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல், நாள் முழுக்க மனசு இருண்டே இருந்தால் அது களைப்பு இல்லை. "நான் இல்லாவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று ஒருமுறை தோன்றினாலும், அன்றே, அந்த வார்த்தைகளிலேயே, வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். திவாலானவருக்கும் மறுபடி தொடங்கப் பல நாடுகளில் சட்டமே வழி வைத்திருக்கிறது.

வெறும் களைப்பா, அதைத் தாண்டியதா என்று எப்படிப் பிரிப்பது? 'பர்ன் அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் வரையறுத்தபோது, அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்றது. மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பாவது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது. களைப்பு இரண்டு நாள் ஓய்வில் குறையும். இது விடுமுறையிலிருந்து திரும்பிய முதல் நாளே பழைய இடத்தில் நிற்கும்.

விடுமுறை எடுக்கவே முடியாது என்பவர்கள் அரை நாளில் தொடங்குங்கள். நெருக்கடி இல்லாத ஒரு வாரத்தின் நடு நாளில், மதியம் 1 மணிக்குப் போனை ஆஃப் செய்துவிட்டுக் கிளம்புங்கள். தீ, விபத்து, போலீஸ் என்றால் மட்டும் கூப்பிட வீட்டு எண்ணை ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மறுநாள் காலையில் என்னென்ன நின்றுபோயிருந்தது என்று கேட்டு எழுதுங்கள். சாவி ஒருவரிடமே இருந்தது, பாஸ்வேர்ட் தெரியவில்லை, செக்கில் கையெழுத்து வேண்டியிருந்தது என்று ஏழெட்டு வரி வரும். அதில் இரண்டை அந்த வாரத்தில் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதம் ஒரு முழு நாள் போய்ப் பாருங்கள்.